பிடதியா, மேட்டுப்பாளையமா, திருப்போரூரா: சேலத்திலிருந்து ஒரு தீம் பார்க் கணக்கு

சேலத்திலிருந்து எல்லா ஊரும் பக்கம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். கோவைக்குச் சுமார் 165 கிலோமீட்டர், பெங்களூருக்கு 200, சென்னைக்கு 340. பிள்ளைகள் தீம் பார்க் என்று ஆரம்பிக்கும்போதுதான் இந்தப் பெருமை அடிபடும். பெரிய பார்க் எதுவுமே ஒரு எட்டில் போய்விட்டு வருகிற தூரத்தில் இல்லை. மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர், பெங்களூரை அடுத்த பிடதியில் ஒண்டர்லா, சென்னையை அடுத்த திருப்போரூரில் இன்னொரு ஒண்டர்லா: எங்கள் கணக்கில் வருபவை இந்த மூன்றுதான்.

எங்கள் வீட்டில் முழுப் பரீட்சை லீவு வந்தால் இந்தப் பஞ்சாயத்தும் கூடவே வந்துவிடும். பெரியவனுக்கு 12 வயது, ரோலர் கோஸ்டர் இல்லாத இடம் அவனுக்கு இடமே இல்லை. சின்னவளுக்கு 6, தண்ணீர் இருந்தால் போதும். ஓசூரில் வேலை பார்க்கும் மச்சினன், "பிடதி வந்துருங்க மாமா, நான் நேரா அங்க வந்துடறேன்" என்பான். அம்மாவோ, "காசு குடுத்து எதுக்குடா தலைகீழாத் தொங்கணும்? ஏற்காடு போயிட்டு வரலாம்" என்று ஒரே போடாகப் போடுவார்.

மூன்று பக்கமும் போய் அடிபட்டு வந்த பிறகு நான் முதலில் பார்ப்பது டிக்கெட் விலையை அல்ல, மணிக்கணக்கைத்தான். இந்தப் பார்க்குகள் காலை பத்து, பதினொன்று வாக்கில் திறந்து மாலை ஆறு வாக்கில் மூடுகின்றன. சனி, ஞாயிறு கொஞ்சம் நீளும். அதாவது கையில் இருப்பது ஏழு மணி நேரம். அதற்காகக் காரில் எவ்வளவு நேரம்? மேட்டுப்பாளையம் போக வர ஏழு மணி. பிடதி ஒன்பது, பத்து. திருப்போரூர் பக்கம் என்றால் பதினொன்று, பன்னிரண்டு. திருப்போரூருக்கு ஒரே நாளில் போய் வரலாம் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். மேட்டுப்பாளையத்துக்குத் தாராளமாகப் போய் வரலாம். சிக்கல் பிடதியில்தான். ஒரே நாளில் முடித்துவிடலாம் போலத் தோன்றும். நாங்களும் அப்படித்தான் கிளம்பினோம்.

மேட்டுப்பாளையம்: பிளாக் தண்டர்

சங்ககிரி, பவானி, பெருந்துறை என்று நான்கு வழிச் சாலையில் போய் அவினாசியில் பிரிந்து அன்னூர் வழியாகப் போனால் மேட்டுப்பாளையம். பார்க் ஊட்டி ரோட்டில், மலையடிவாரத்தில் இருக்கிறது. இங்கே முதன்மையானது தண்ணீர். அலைக் குளம், சறுக்குகள், சின்னக் குழந்தைகளுக்கு முழங்கால் ஆழக் குளம், பின்னணியில் நீலகிரி. சின்னவள் அலைக் குளத்தை விட்டு வெளியே வர மறுத்து, உள்ளங்கை சுருங்கி வெளுத்த பிறகுதான் வந்தாள். பெரியவனுக்குப் பிற்பகலிலேயே சலித்துவிட்டது. உலர் ரைடுகள் இருக்கின்றன, ஆனால் வயிற்றைப் புரட்டும் ரகத்தை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இது இடமல்ல.

ஊட்டிக்கு வண்டியில் போக 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும் என்பதால், பார்க்குக்கும் அது வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம், இது கோவை மாவட்டத்துக்குள் இருக்கிறது. 'இவ்வளவு தூரம் வந்தாச்சு, அப்படியே மேலே ஏறிடலாம்' என்று தோன்றினால் மட்டும் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். மே மாதம் மேட்டுப்பாளையம் ஊருக்குள் ஊட்டி வண்டிகளோடு சேர்ந்து நாமும் நகர வேண்டியிருக்கும். ஒன்பது மணிக்குள் ஊரைத் தாண்டிவிடுவது நல்லது.

ரயிலில் போவதென்றால் சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் நள்ளிரவுக்கு மேல் சேலத்தைத் தொடும், விடியும்போது மேட்டுப்பாளையம். இறங்கியதும் பாதிக் கூட்டம் மலை ரயிலைப் பிடிக்க ஓடும். நமக்கோ பார்க் திறக்க இன்னும் சில மணி நேரம் இருக்கும். தேக்கம்பட்டி வனபத்ரகாளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வரலாம். அம்மாவை அழைத்துப் போவதாக இருந்தால் இந்தக் கோயிலைச் சொல்லித்தான் நான் சம்மதம் வாங்குவேன்.

திருப்போரூர்: சென்னை ஒண்டர்லா

2025 டிசம்பரில் திறந்தது, மூன்றில் புதியது. இள்ளலூரில், 60 ஏக்கருக்கு மேல். தஞ்சாவூரை நினைவூட்டும் 'தஞ்சோரா' என்ற பெயரில் ஒரு ரோலர் கோஸ்டர். தண்டவாளம் தலைக்கு மேலே, கால்கள் அந்தரத்தில். அதன் வீடியோவைப் பெரியவன் எத்தனை முறை பார்த்தான் என்று கணக்கு வைக்கவில்லை.

சேலத்துக்காரர் கவனிக்க வேண்டியது வழியைத்தான். காரில் போனால் சென்னைக்குள் நுழையவே வேண்டாம். உளுந்தூர்பேட்டை, திண்டிவனம், செங்கல்பட்டு வந்து, அங்கிருந்து திருப்போரூர் ரோட்டில் திரும்பினால் போதும். ரயிலில் போகிறவர்கள் பழக்கத்தில் சென்ட்ரல் போகும் வண்டியைப் பிடித்துவிட்டு, பிறகு நகரத்தின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் பாடாய்ப் படுவார்கள். அதைவிட ஆத்தூர், விருத்தாசலம் வழியாக எழும்பூர் போகும் ராத்திரி வண்டியில் ஏறித் தாம்பரத்தில் இறங்குவது மேல். ஒரு ராத்திரி தங்குவதானால் நகரத்துக்குள் தங்காமல் மாமல்லபுரத்தில் தங்குங்கள். மறுநாள் கடற்கரைக் கோயிலையும் பார்த்துவிடலாம்.

மே மாதத்துக்கு மட்டும் இதை நான் சொல்ல மாட்டேன். சேலத்து வெயில் நமக்குப் பழக்கம்தான். ஆனால் அந்தக் கடற்கரைப் புழுக்கத்தில் வரிசையில் நிற்பது வேறு விஷயம். ஜனவரி, பிப்ரவரி சரியான மாதங்கள்.

பிடதி: பெங்களூர் ஒண்டர்லா

கொச்சியில் 2000-ல் வீகாலேண்ட் என்று தொடங்கியவர்கள் 2005-ல் பிடதியில் திறந்த பார்க் இது. அறுபதை ஒட்டி ரைடுகள். முன்னால் போய் அதே பாதையில் பின்னால் திரும்பி வரும் 'ரீகாயில்' கோஸ்டரைப் பற்றிப் பெரியவன் இன்றும் பேசுகிறான். ஊர் கொஞ்சம் உயரத்தில் இருப்பதால் மே மாதமும் நிற்க முடிகிறது. டிசம்பர் குளிரில் சில குளங்களில் வெதுவெதுப்பான தண்ணீர் விடுகிறார்கள். தண்ணீரும் வேண்டும், வயிற்றில் பட்டாம்பூச்சியும் வேண்டும் என்கிற வீட்டுக்கு மூன்றில் இதுதான் பொருந்தும் என்பது என் கட்சி.

விடியற்காலை ஐந்துக்குள் கிளம்பிவிடுங்கள். ஓசூர் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டி அருகே நைஸ் ரோட்டில் ஏறினால் பெங்களூருக்குள் போகாமலே மைசூர் ரோட்டைப் பிடிக்கலாம். சுங்கம் கொஞ்சம் அதிகம், ஆனால் மிச்சமாகும் நேரத்துக்கு அது கட்டுபடியாகும். அதற்கப்புறம் கவனம் வேண்டும். 2023-ல் திறந்த மைசூர் விரைவுச் சாலையில் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. நாங்கள் பேச்சு சுவாரசியத்தில் பிடதி இறக்கத்தை விட்டுவிட்டு, வெகுதூரம் போய்த் திரும்பி வந்தோம். முக்கால் மணி நேரம் போச்சு. கெங்கேரி தாண்டியதும் பக்கத்து சீட்டில் இருப்பவர் போனையும் பலகையையும் மட்டும் பார்க்கட்டும்.

சீக்கிரம் சேர்ந்துவிட்டால் பிடதியில் தட்டு இட்லி சாப்பிடுங்கள். நம் தட்டுவடை மாதிரிச் சின்னதல்ல, ஒரு தட்டளவு அகலம், மேலே வெண்ணெய். பெரியவர்களுக்கே இரண்டு போதும். ஆனால் ரைடுக்கு முன்னால் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கும் இப்போது வழி சுலபம். பெங்களூர் பஸ்ஸில் பொம்மசந்திராவில் இறங்கினால் 2025 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய மஞ்சள் வழி மெட்ரோ. ஆர்.வி. ரோட்டில் பச்சை வழிக்கும், மெஜஸ்டிக்கில் ஊதா வழிக்கும் மாறிச் சல்லகட்டா வரை போய், அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். இளவட்டங்களுக்குச் சரி. ஈரத் துணிப் பையும் தூங்கி விழும் குழந்தையுமாக இத்தனை வண்டி மாறிப் பாருங்கள், தெரியும்.

இனி அந்த ஒரே நாள் பயணம். ஆறரைக்குப் பார்க்கை விட்டுக் கிளம்பினோம். கிருஷ்ணகிரி தாண்டும்போது மணி பத்து. காரில் என்னைத் தவிர எல்லோரும் தூக்கம். ஏழு மணி நேரம் தண்ணீரிலும் வெயிலிலும் கிடந்த உடம்பு, ஏசிக் காற்று பட்டதும் எனக்கும் கண் சொருகியது. முன்னால் இருப்பதோ தொப்பூர் கணவாய். தருமபுரியிலிருந்து வரும்போது அது இறக்கம். கனரக லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகள்மீது மோதும் செய்திகளை நாம் படித்துக்கொண்டேதான் இருக்கிறோம். தருமபுரியில் நிறுத்தி முகம் கழுவி, டீ குடித்து, அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் இறங்கினேன். வீடு வந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. அன்று முதல் பிடதி என்றால் எனக்கு ஒரு ராத்திரி தங்கல். பார்க்கை ஒட்டியே அவர்களின் விடுதி இருக்கிறது. விலை அதிகம் என்றால் கெங்கேரி பக்கம் பார்க்கலாம். எங்களுக்கு ஓசூரில் மச்சினன் வீடு. மறுநாள் காலை வெளிச்சத்தில் தொப்பூர் இறங்கினால் எந்தக் கவலையும் இல்லை.

எங்கே போனாலும்

முதலில் உயரம். பெரிய ரைடுகளில் பலவற்றுக்கு 140 சென்டிமீட்டர் வேண்டும். ஒண்டர்லாவில் குழந்தை டிக்கெட்டையும் வயதை வைத்துப் போடுவதில்லை, உயரத்தை வைத்துத்தான். இரண்டு வருடம் முன்னால் பெரியவன் ஒரு பார்க்கில் ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, வாசலில் இருந்த அளவுகோலுக்குக் கீழே கழுத்தை நீட்டி நின்றான். 136. ஷூவோடுதான் 136. ஊழியர் அன்பாகத்தான் சொன்னார், இருந்தாலும் அன்றைய மீதி நாள் அவன் யாரோடும் பேசவில்லை. கிளம்பும் முன் வீட்டு நிலைப்படியில் நிறுத்தி, தலையில் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். 130-க்குக் கீழே என்றால் பிடதிக்கும் திருப்போரூருக்கும் அவசரமே இல்லை. மேட்டுப்பாளையத்திலேயே காசு வசூலாகிவிடும்.

அடுத்து துணி. தண்ணீர் ரைடுகளுக்குக் காட்டன் ஆகாது. நைலான், பாலியஸ்டர் மாதிரி சீக்கிரம் காயும் துணிதான். உள்ளே கடையில் வாங்கலாம், ஆனால் விலை கடுக்கும். நம் ஊர் கடைவீதியிலேயே வாங்கிக்கொண்டு போய்விடுங்கள். ஈரத் துணியோடு உலர் ரைடில் ஏற்ற மாட்டார்கள். ஆகவே மதியம்வரை உலர் ரைடுகள், சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர். இந்த வரிசையை மாற்றினால் துணி மாற்றும் அறை வாசலிலேயே பாதிப் பொழுது போய்விடும். நுழைந்ததும் வாசலுக்குப் பக்கத்து ரைடில் எல்லோரும் நிற்பார்கள். நீங்கள் கடைசி மூலைக்குப் போய் அங்கிருந்து திரும்பி வாருங்கள்.

வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுவதில்லை. நாங்கள் புளிசாதமும் தட்டுவடையும் காரிலேயே வைத்துவிட்டு, சாயங்காலம் வந்து பார்க்கிங்கில் சாப்பிடுவோம். தட்டுவடை செட்டாகச் செய்து எடுத்துப் போகாதீர்கள், கிருஷ்ணகிரிக்குள் நமுத்துவிடும். வடை தனி, சட்னி தனி.

கூட்டம் பற்றி ஒரு உள்ளூர் ரகசியம். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு நம் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள், பெரும்பாலும் புதன்கிழமை. அன்றைக்குப் பெங்களூருக்கும் கோவைக்கும் சாதாரண வேலை நாள், பார்க் காலியாகக் கிடக்கும். வார நாள் டிக்கெட்டும் குறைவு. வரிசையைத் தாண்டிப் போகும் ஃபாஸ்ட் டிராக் டிக்கெட்டுக்குத் தண்டம் அழ வேண்டியதில்லை. இதை நான் வீட்டில் சொன்னபோது, "பண்டிகையன்னிக்கு ஆத்தாவை விட்டுட்டு சறுக்கு மரம் ஏறப் போறீங்களா?" என்று மனைவி கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அம்மாவின் கட்சி

ஏற்காட்டை இந்தப் போட்டியில் சேர்ப்பது நியாயமில்லைதான். ஆனாலும் கணக்கைப் பாருங்கள்: 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒரு மணி நேரம். ஏரியில் படகு, பகோடா பாயிண்ட், அப்புறம் 32 கிலோமீட்டர் லூப் ரோட்டில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சுற்று, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு. இறங்கும்போது அடிவாரத்தில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா. கோடை விழா நாட்களில் மட்டும் மலைப்பாதையில் வண்டி நகராது. பெரியவன் ஏற்காட்டில் போனை விட்டுத் தலை நிமிரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த வருடம் ஒருவழியாக முடிவாகிவிட்டது. அம்மாவோடு ஒரு சனிக்கிழமை ஏற்காடு. பிடதிக்கு ஜூனில் பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம், செவ்வாய் போய் புதன் திரும்பி வருவது. மச்சினன் லீவு போட்டுவிட்டான். நேற்று நிலைப்படியில் அளந்தோம்: பெரியவன் 147, சின்னவள் 112. அவளுக்குக் குழந்தை டிக்கெட்டே போதும்.