அராலி வெளிக்கு ஒரு 8×42 பைனாகுலர்

சென்ற ஆவணியில் யாழ்ப்பாண நகரக் கடையொன்றில் வாங்கிய 8×42 பைனாகுலரை, வழுக்கையாறு கடல்நீரேரியைச் சேரும் அராலி வெளியில், இருபது வருடங்களாக நான் காலையில் நடக்கும் அதே வரம்புப் பாதையில், ஓராண்டு பாவித்த பிறகே இதை எழுதுகிறேன். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீற்றரில். நான் கேட்டது 10 மடங்கு. சோளகம் வீசும் வெட்டவெளியில் கை ஆடினால் 10 மடங்கில் பறவையும் சேர்ந்து ஆடும் என்று சொல்லிக் கடைக்காரர் இதைத் தந்தார். அவர் சொன்னது சரிதான்.

முதல் இரண்டு மாதமும் ஏமாற்றமே. பனம்பழ வாசனைக்குக் கண்ணாடி வேண்டியதில்லை. முதல் மழைக்கு மண்ணில் ஊரும் தம்பளப்பூச்சிக்குக் குனிந்தாலே போதும். இமயமலை அடிவாரத்திலிருந்து ஆறுமணிக்குருவி வந்து சேர்ந்ததைக்கூடக் காதுதான் முதலில் அறிந்தது. விடியலின் மங்கல் வெளிச்சத்தில் கிளுவை வேலிக்குள்ளிருந்து கூவிய அதை இந்தக் கண்ணாடியால் ஒருநாளும் பிடிக்க முடியவில்லை.

கார்த்திகையில், மழை பெய்தால் மட்டும் ஓடும் வழுக்கையாறு நிரம்பி, வெளியெங்கும் நீர் பரந்து, வட ஆசியாவிலிருந்து வரும் தாராக்கள் இறங்கியபோதுதான் கொடுத்த காசு வீண்போகவில்லை என்று தெரிந்தது. அதுவரை எனக்கு அவை தூரத்தில் மிதக்கும் கரும்புள்ளிகள். இப்போது இறகின் விளிம்பும் அலகில் தொங்கும் பாசியும் தெரிந்தன. அவற்றுள் ஒரு சிறிய இனத்தில் ஆணும் பெண்ணும் ஒரே மண்ணிறமாக இருந்தன. அரிவி வெட்டு முடிந்த மாசியில் அதே கூட்டத்தைப் பார்த்தபோது, சிலவற்றின் கண்ணுக்கு மேலே பிடரி வரை ஒரு வெள்ளைப் புருவம் வளைந்து இறங்கியிருந்தது. ஆண்கள் சிறகு மாற்றுகின்றன. வடக்கே போய் இணைகூட, இங்கேயே மாப்பிள்ளைக் கோலம் பூணுகின்றன. இருபது வருடமும் இது என் கண்முன்தான் நடந்திருக்கிறது.

குறை பெரியது. பெட்டியில் ‘நீர் புகாது’ என்று எழுதியிருந்தும், மார்கழிப் பனிப்புகாரில் இடப்பக்கக் கண்ணாடியின் உட்புறம் வெண்மையாக மூடிக்கொண்டது. கடைக்குக் கொண்டுபோனால், அது மழைக்குத்தான், பனிக்கு அல்ல என்றார்கள். இந்த விளக்கத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை. ஈரம் உறிஞ்சும் சிறு பைகளோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்தபின் நான்கு நாளில் தெளிந்தது, ஆனால் மறுமுறையும் மூடியது. உள்ளே நைதரசன் வாயு நிரப்பி அடைத்தவற்றில் இப்படிப் படிவதில்லை. வாங்குபவர்கள் விலை சற்றுக் கூடினாலும் அதையே கேட்டு வாங்க வேண்டும். மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்குக் கண்ணருகே உள்ள றப்பர் வளையம் நன்றாக மடிகிறது. கழுத்துப்பட்டி மெல்லியது, அரை மணிநேரத்தில் பிடரியை அறுக்கிறது.

சித்திரையில் நீர் வற்றித் தாராக்கள் போனபின் அது பெரும்பாலும் அலுமாரியில்தான் கிடந்தது. ஐப்பசி மழைக்கு முன் பட்டியை மாற்ற வேண்டும்.