தனியார் பொறியியல் சீட்டுக்குப் பணம் கட்டுமுன்: என்.ஐ.ஆர்.எஃப். தரவுத்தாள் எவ்வளவு உதவும்?

பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு தனியார் பல்கலைக்கழகங்களின் விளம்பரம் வீடு தேடி வந்துவிடுகிறது. அதில் பெரிய எழுத்தில் இருப்பவை இரண்டு: என்.ஐ.ஆர்.எஃப். (உயர்கல்வி நிறுவனங்களுக்கான மத்திய அரசின் தரவரிசை) ரேங்க், 'ஹையஸ்ட் பேக்கேஜ்'. நான்கு ஆண்டுக்குப் பல லட்சம் கட்டப்போகிற குடும்பத்துக்கு இரண்டுமே பெரிதாக உதவாது. உதவக்கூடியது அதே என்.ஐ.ஆர்.எஃப். தளத்தில் ரேங்க்குக்குப் பக்கத்திலேயே, ஒரு சின்ன பி.டி.எஃப். ஐகானுக்குப் பின்னால் இருக்கிறது. கல்லூரியே சமர்ப்பித்த தரவுத்தாள் அது. இலவசம், பதிவு எதுவும் வேண்டாம், ஃபோன் நம்பர் கேட்பதில்லை. இன்று பெற்றோர் கையில் இருக்கும் சிறந்த ஆவணம் இதுதான். ஆனால் அதைப் படிக்கிற விதத்தில் படிக்க வேண்டும், அதில் இல்லாததை வெளியே தேட வேண்டும்.

முதலில் ரேங்க்கை ஏன் நம்பி உட்காரக் கூடாது என்று பார்த்துவிடலாம். மத்திய அரசு இந்தத் திட்டத்தை 2015-ல் அறிவித்தது. முதல் பட்டியல் 2016-ல் வந்தது. பொறியியல் பிரிவில் மதிப்பெண் ஐந்து தலைப்புகளில் பிரிகிறது: கற்பித்தலும் வசதிகளும் 30 சதவீதம், ஆராய்ச்சி 30, பட்டதாரிகளின் நிலை 20, பலதரப்பட்டோருக்கான வாய்ப்பு 10, வெளியார் மதிப்பீடு 10. பட்டதாரிகளின் நிலை என்ற அந்த 20-க்குள்தான் சம்பளம் வருகிறது. அதிலும் நூற்றுக்கு 25 மதிப்பெண் மட்டுமே. பெருக்கிப் பார்த்தால் மொத்த ரேங்க்கில் சம்பளத்தின் பங்கு 5 சதவீதம். கட்டுரைகளும் காப்புரிமைகளும் பெருகினால் ஒரு பல்கலைக்கழகம் பல இடம் மேலே ஏறலாம். அந்த ஆண்டு வெளியே வந்த மாணவர்களின் சம்பளம் அப்படியே இருக்கலாம். 'நம்ம பிள்ளைக்கு என்ன கிடைக்கும்' என்ற கேள்விக்கு ரேங்க் பதில் சொல்வதில்லை, அதற்காக அது உருவாக்கப்படவும் இல்லை.

தரவுத்தாளைத் திறக்கும்போதே ஒரு இடத்தில் பலர் தவறுகிறார்கள். ஒரே பல்கலைக்கழகம் 'ஓவரால்', 'யுனிவர்சிட்டி', 'இன்ஜினியரிங்', 'மேனேஜ்மென்ட்' என்று பல பிரிவுகளில் தனித்தனித் தாள் கொடுத்திருக்கும். பி.டெக். சேர்வதானால் இன்ஜினியரிங் பிரிவின் தாளை மட்டும் எடுங்கள். முதல் 100 இடத்துக்குள் வராத கல்லூரி என்றால் அதன் சொந்த இணையதளத்தில் என்.ஐ.ஆர்.எஃப். என்ற இணைப்பில் தாள் கிடைக்க வேண்டும். அங்கேயும் இல்லையென்றால் அதையே ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளலாம்.

தாளுக்குள் 'யூ.ஜி. 4 இயர்ஸ்' என்ற அட்டவணைதான் உயிர். ஒவ்வொரு வரிசையும் ஒரு பேட்ச்: முதலாண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் எத்தனை பேர் வந்தார்கள், நான்கு ஆண்டில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, அவர்களின் மீடியன் சம்பளம் எவ்வளவு, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள். மூன்று பேட்ச்களுக்கு இந்த விவரம் இருக்கும். மீடியன் என்பது சராசரி அல்ல. எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம். ஒருவருக்கு 50 லட்சம் கிடைத்தாலும் அது அசையாது. அதனால்தான் விளம்பரத்தில் வரும் 'ஹையஸ்ட்', 'ஆவரேஜ்' இரண்டையும்விட இது நேர்மையான எண்.

நேர்மையான எண்ணாக இருந்தும் அது தனியாக நின்றால் ஏமாற்றும், ஏனென்றால் அது வேலை கிடைத்தவர்களின் மீடியன் மட்டுமே. ஒரு கற்பனைக் கணக்கு. 'அ' கல்லூரியில் 1,000 பேர் சேர்கிறார்கள், லேட்டரலில் 50 பேர். நான்கு ஆண்டில் முடித்தவர்கள் 850. வேலை கிடைத்தவர்கள் 600, மீடியன் 6 லட்சம். மேற்படிப்பு 80. 'ஆ' கல்லூரியில் 300 பேர், லேட்டரல் 20. முடித்தவர்கள் 290, வேலை 240, மீடியன் 5.2 லட்சம், மேற்படிப்பு 30. மேலோட்டமாகப் பார்த்தால் 'அ' தான் ஒரு படி மேல். இப்போது உள்ளே வந்த எல்லோரையும் வைத்து வகுத்துப் பாருங்கள். 'அ'-வில் 1,050 பேரில் 680 பேருக்கு வேலையோ மேற்படிப்போ அமைந்தது, அதாவது நூற்றுக்கு 65. 'ஆ'-வில் 320 பேரில் 270, நூற்றுக்கு 84. 'அ'-வில் 6 லட்சமோ அதற்கு மேலோ வாங்குபவர்கள் வேலை கிடைத்த 600 பேரில் பாதி, 300 பேர்; உள்ளே வந்தவர்களில் நூற்றுக்கு 29 பேர்கூட இல்லை. விளம்பரம் காட்டும் 6 லட்சம் இந்த 29 பேரின் கதை.

'அ'-வில் இன்னும் இரண்டு குழிகள் தெரிகின்றன. 1,050-க்கும் 850-க்கும் இடையே காணாமல்போன 200 பேர்: அரியர் வைத்தவர்கள், இடையில் நின்றவர்கள். பட்டம் வாங்கியும் வேலைப் பட்டியலிலோ மேற்படிப்புப் பட்டியலிலோ வராத 170 பேர் இன்னொரு குழி. இந்தக் கழித்தல் இரண்டையும் மூன்று பேட்ச்களுக்கும் போட்டுவிடுங்கள்; ஒரு காகிதத்தில் பத்து நிமிட வேலை. 2021-22-ல் ஐ.டி. கம்பெனிகள் அள்ளி எடுத்தன, 2023-24-ல் கையைச் சுருக்கிக்கொண்டன. நல்ல ஆண்டில் எல்லாக் கல்லூரியும் நல்ல கல்லூரிதான். மோசமான ஆண்டில் வேலை எண்ணிக்கை எவ்வளவு சரிந்தது என்பதில்தான் பிளேஸ்மென்ட் செல்லின் உண்மையான பலம் தெரியும்.

இனி இந்தத் தாளின் குறைகள். பெரிய குறை, எல்லாப் பாடப்பிரிவும் ஒரே வரிசையில் கலந்திருப்பது. கம்ப்யூட்டர் சயின்ஸும் சிவிலும் சேர்ந்த மீடியனை வைத்து சிவில் சீட்டுக்கு விலை பேச முடியாது. இதற்கு ஒரு மாற்று வழி உண்டு: என்.பி.ஏ. (பாடப்பிரிவுகளின் தரத்தைச் சோதித்து அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரத்துக்காகக் கல்லூரி எழுதும் சுயமதிப்பீட்டு அறிக்கை. அது பாடப்பிரிவு வாரியானது. அரியர் இல்லாமல் முடித்தவர்கள் எத்தனை, வேலைக்கும் மேற்படிப்புக்கும் போனவர்கள் எத்தனை என்று நான்காவது அளவுகோலில் மூன்று ஆண்டுக் கணக்கு இருக்கும். பல கல்லூரிகள் தளத்திலேயே போட்டுவைத்திருக்கின்றன, இல்லையென்றால் கேளுங்கள். பல வளாகங்கள் வைத்திருக்கும் பல்கலைக்கழகமாக இருந்தால், அந்தத் தாள் எந்த வளாகங்களைச் சேர்த்த கணக்கு என்பதையும் எழுத்தில் கேட்பது நல்லது.

அடுத்த குறை, விவரங்களைத் தருவது கல்லூரியே என்பது. இப்படித் தரும் தரவு முறையாகத் தணிக்கை செய்யப்படுவதில்லை என்ற வழக்கில், 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ரேங்க் பட்டியல் வெளியீட்டுக்கு இடைக்காலத் தடையே போட்டது. பட்டியல் கடைசியில் செப்டம்பரில் வந்தது. தாளின் எண்ணும் விளம்பரத்தின் எண்ணும் பெரிதாக முரண்பட்டால் இரண்டையும் பிரிண்ட் எடுத்து அட்மிஷன் அலுவலகத்தில் வையுங்கள். பெரும்பாலும் விடை எளிது: விளம்பரம் ஆஃபர்களை எண்ணுகிறது, தாள் ஆட்களை எண்ணுகிறது. ஒரே மாணவருக்கு மூன்று ஆஃபர் வந்தால் விளம்பரத்தில் அது மூன்று.

சேர்க்கை எவ்வளவு கடினம் என்பதற்கு இந்தத் தாளில் இடமே இல்லை. அது பெரிய ஓட்டை. மிகக் கடினமான தேர்வில் வடிகட்டி எடுத்த மாணவர்களுக்கு நல்ல சம்பளம் கிடைப்பதில் கல்லூரியின் பங்கு எவ்வளவு, மாணவரின் பங்கு எவ்வளவு என்று பிரிக்கத் தெரியாவிட்டால் மீடியன் எண்ணைத் தவறாகப் படிப்போம். அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகள் என்றால் 200-க்கான கட்ஆஃப், கல்லூரி வாரியாக, இனவாரியாக வெளியாகிவிடுகிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அந்த அரசுக் கவுன்சலிங்குக்கு வெளியே இருப்பவை. பிட்ஸ் பிலானி, பிட்சாட் தேர்வில் 390-க்கு எந்த மதிப்பெண்ணில் எந்தப் பிரிவு மூடியது என்று வளாகம் வாரியாக வெளியிடுகிறது. எல்லோரும் பின்பற்ற வேண்டிய வழக்கம் அது. 'இத்தனை லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள்' என்ற எண்ணை ஒதுக்கிவிடுங்கள். விண்ணப்பம் போடுவது எளிது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: போன ஆண்டு இந்தப் பாடப்பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரின் நுழைவுத் தேர்வு ரேங்க் என்ன? உங்கள் பிள்ளையின் ரேங்க் அந்தக் கடைசி ரேங்க்குக்குப் பக்கத்தில் இருந்தால், மீடியனை எதிர்பார்க்காமல் அதற்குக் கீழே வைத்துக் கணக்குப் போடுவது பத்திரம்.

இந்த நுழைவுத் தேர்வு ரேங்க்குக்கும் கட்டணத்துக்கும் நேரடித் தொடர்பு உள்ள இடங்களும் உண்டு. வி.ஐ.டி.யில் நுழைவுத் தேர்வு ரேங்க்கைப் பொறுத்து ஒரே பாடப்பிரிவுக்கு ஐந்து கட்டணப் பிரிவுகள் இருக்கின்றன. ரேங்க் பின்னால் போகப்போகக் கட்டணம் ஏறும், ஆனால் உட்காருவது ஒரே வகுப்பில், வரும் கம்பெனிகளும் அவையே. முதல் பிரிவில் கிடைத்தால் நல்ல பேரம். ஐந்தாம் பிரிவுக்கு அதே சொல்லைச் சொல்ல மாட்டோம்.

கட்டணமும் தாளில் இல்லை. டியூஷன் ஃபீஸை மட்டும் நான்கால் பெருக்கி விட்டுவிடாதீர்கள். ஹாஸ்டல், மெஸ் (ஆண்டுதோறும் ஏறுவது), அட்மிஷன் ஃபீஸ், திருப்பித் தரும் காஷன் டெபாசிட், தேர்வுக் கட்டணம், பிளேஸ்மென்ட் பயிற்சிக் கட்டணம், தோற்ற பாடத்தை மறுபடி பதிய ஆகும் கட்டணம் எல்லாம் சேரும்.

இப்போது இரண்டு பக்கத்தையும் ஒட்டவைப்போம். 15 லட்சம் கடன், ஆண்டுக்கு 3.75 லட்சமாக நான்கு தவணை, 10 சதவீத வட்டி. படிக்கும் நான்கு ஆண்டும் அதற்குப் பின் ஓராண்டும் வட்டி கட்டாமல் விட்டால் தனிவட்டியே 5.25 லட்சம் சேர்ந்து கடன் 20.25 லட்சமாக நிற்கும். பத்தாண்டில் அடைக்க மாதத் தவணை சுமார் 26,800 ரூபாய். மறுபுறம் 6 லட்சம் சி.டி.சி. (ஒரு ஊழியருக்காகக் கம்பெனி ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை). அதில் 10 சதவீதம் வேரியபிள் (வேலைத்திறனைப் பொறுத்துத் தனியாக வருவது) என்றால் 60,000 மாதச் சம்பளத்தில் வராது. அடிப்படைச் சம்பளம் 2.4 லட்சம் என்றால் கம்பெனியின் பி.எஃப். 28,800, ஊழியரின் பி.எஃப். 28,800, கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது சுமார் 11,500, காப்பீடு ஒரு 8,000. மிச்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் கைக்கு வருவது மாதம் சுமார் 38,500. அதில் 26,800 வங்கிக்குப் போனால் பெங்களூரிலோ சென்னையிலோ அறை வாடகையும் சாப்பாடும் 11,700-க்குள் அடங்க வேண்டும். படிக்கும்போதே மாத வட்டியை மட்டும் கட்டிவந்தால் தவணை 19,800-க்கு இறங்கும். முடிந்த குடும்பங்கள் இதைச் செய்தே ஆக வேண்டும். எங்கள் அளவுகோல் இது: கட்டப்போகும் மொத்தச் செலவு அந்தக் கல்லூரியின் மீடியன் ஆண்டுச் சம்பளத்தைப்போல் இரண்டு மடங்குக்குள் இருந்தால் தாங்கும். மூன்று மடங்கைத் தாண்டினால், அதே மதிப்பெண்ணுக்குக் கவுன்சலிங்கில் கிடைக்கும் கல்லூரியை முதலில் பாருங்கள்.

என்.ஐ.ஆர்.எஃப். ரேங்க் நேரடியாகப் பணமாக மாறும் இடம் ஒன்று உண்டு. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், என்.ஐ.ஆர்.எஃப். முதல் 100-க்குள் வரும் தனியார் நிறுவனங்களின் மாணவர்களுக்கும் பிணையில்லாக் கடன் கிடைக்கும். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிக்கும் காலத்திலும் அதற்குப் பின் ஓராண்டும் 3 சதவீத வட்டிச் சலுகைக்கும் விண்ணப்பிக்கலாம்.

தனியார் அட்மிஷன் முன்னதாகவே முடிந்துவிடும், அரசுக் கவுன்சலிங் பிறகுதான் வரும். இடத்தைப் பிடித்துவைக்கப் பணம் கட்டிவிட்டுப் பின்னால் விலகுகிறவர்களுக்கு யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 அறிவிப்பு துணை நிற்கிறது: சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் முன்போ அதற்கு முன்னரோ விலகினால் செயலாக்கக் கட்டணம் (அதிகபட்சம் 5,000 ரூபாய்) போக முழுத்தொகை, அதற்குப் பின் கடைசி நாளுக்குள் என்றால் 90 சதவீதம், கடைசி நாள் கடந்து 15 நாளுக்குள் 80, 30 நாளுக்குள் 50, அதன்பின் ஒன்றுமில்லை. சில ஆண்டுகளில் யு.ஜி.சி. இதைவிடத் தாராளமான தேதிகளைத் தனியாக அறிவித்திருக்கிறது, அதையும் பார்த்துவிடுங்கள். அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கவும் கல்லூரிக்கு உரிமை கிடையாது. விலகல் கடிதத்தைத் தேதியுடன் மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாய்வார்த்தையில் சொன்ன தேதிக்குச் சாட்சி இருக்காது.