'தானாக நிரம்பும்' இணையதளம் வாங்கி ஏமாந்த கதை

ஒரு வரிகூட எழுத வேண்டாம், கட்டுரைகள் தானாக வந்து விழும், விளம்பர வருமானத்தை எடுத்துக்கொண்டால் போதும் என்று சொல்லி ஒருவர் எனக்கு ஓர் இணையதளத்தை விற்றார். என் சோம்பேறித்தனமும் ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன்.

கட்டுரைகள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்காமல் இல்லை. "எல்லாம் ஸ்க்ரேப்பிங்தான் சார், நீதிமன்றமே சரி என்று சொல்லிவிட்டது" என்று ஹைக்யூ என்ற தரவு நிறுவனத்துக்கும் லிங்க்ட்இன்னுக்கும் நடந்த வழக்கைக் காட்டினார். ஸ்க்ரேப்பிங் என்றால், மற்ற தளங்களில் இருப்பதை மென்பொருளால் அள்ளி எடுப்பது. பணம் கொடுத்த பிறகுதான் அதைப் படித்தேன். எல்லோருக்கும் திறந்திருக்கும் பக்கங்களிலிருந்து தகவல் எடுப்பது, கணினி அத்துமீறல் சட்டத்தின் கீழ் வராது என்றே தோன்றுகிறது என்பதுதான் 2022இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. எடுத்ததை அப்படியே வெளியிடலாம் என்று சொல்லவே இல்லை. அது பதிப்புரிமைச் சங்கதி, வேறு சட்டம். அதே ஆண்டு இறுதியில், லிங்க்ட்இன்னின் பயன்பாட்டு விதிகளை ஹைக்யூ மீறியது என்று கீழ் நீதிமன்றம் சொன்னதை அவர் வாயே திறக்கவில்லை.

மூன்றாம் மாதம் ஹோஸ்டிங் நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. டிஎம்சிஏ என்ற 1998ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி புகார், தளம் முடக்கம். விளம்பரக் கணக்கும் போனது, அதில் சேர்ந்திருந்த தொகையும் வரவில்லை. புகாரில் இருந்த கட்டுரைகளைத் திறந்து பார்த்தேன். ஒன்றின் அடியில், "அனுமதியின்றி மறுபதிப்பு செய்யக் கூடாது" என்ற வரியையும் மென்பொருள் அப்படியே சுருட்டிக்கொண்டு வந்திருந்தது!

விற்றவரைப் பிடித்தேன். "மூலத்துக்கு லிங்க் கொடுத்திருக்கிறோமே சார்" என்றார். நன்றி சொல்வது வேறு, அனுமதி வாங்குவது வேறு. ஊடகச் செய்திகளைத் திரட்டித் தரும் மெல்ட்வாட்டர் நிறுவனம், ஏபி செய்தி நிறுவனத்தின் செய்திகளிலிருந்து சிறு பகுதிகளை மட்டும் எடுத்து, லிங்க்கோடு தன் சந்தாதாரர்களுக்குக் கொடுத்தது. அதையே 'நியாயமான பயன்பாடு', அதாவது அனுமதி இல்லாமலே சட்டம் விடும் பயன்பாடு என்று ஏற்க 2013இல் நியூயார்க் நீதிமன்றம் மறுத்துவிட்டது. நாங்களோ முழுக் கட்டுரையையும் போட்டிருந்தோம்.

அப்புறம் ஒரு படிவத்தை அனுப்பி, கையெழுத்துப் போட்டால் இரண்டு வாரத்தில் தளம் திரும்பிவிடும் என்றார். இங்கேதான் உஷாராக இருங்கள். அது, புகாரை மறுத்து நாம் அனுப்பும் எதிர் அறிவிப்பு. தவறுதலாகவோ, வேறொன்று என்று தவறாக அடையாளம் கண்டோதான் நீக்கிவிட்டார்கள் என்று நம்புவதாக, பொய்யானால் தண்டனை என்ற நிபந்தனையோடு நாம் உறுதி தர வேண்டும். வழக்கு வந்தால் அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்கிறோம் என்றும் அதிலேயே இருக்கிறது. கையெழுத்து என்னுடையது, அவர் பெயர் எங்குமே இல்லை. ஒப்பந்தத்தைப் புரட்டினால், உள்ளடக்கத்துக்கு வாங்கியவரே பொறுப்பு என்று எட்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.

கையெழுத்துப் போடவில்லை, தளத்தை மூடிவிட்டேன். அதே சரக்கை அவர் இப்போது வேறு பெயரில் விற்கிறார். உங்களிடம் வந்தால், எந்தத் தளங்களிடம் எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்கினீர்கள், கடிதத்தைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். நான் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.