அடிக்கடி விமானம் ஏறுபவருக்கு லாப்ரடாரா, மினியேச்சர் பூடிலா?

அமெரிக்காவில் காதுகேளாத ஒருவர், சுற்றிலும் வரும் ஒலிகளைக் கேட்டு உணர்த்தும் சேவை நாய் வைத்துக்கொள்ள நினைத்தால், எந்த அளவு நாய் என்ற கேள்வி சீக்கிரமே வந்துவிடும். ஒரு பக்கம் 25 முதல் 36 கிலோ வரை வளரும் லாப்ரடார், இன்னொரு பக்கம் ஆறேழு கிலோவைத் தாண்டாத மினியேச்சர் பூடில். எங்கள் வீட்டில் பூடிலைத்தான் தேர்ந்தெடுத்தோம். வருடத்துக்குப் பலமுறை பறப்பவர்களுக்கு இப்போதும் அதையே சொல்வேன். ஊரைவிட்டு அதிகம் நகராதவர்களுக்குக் கணக்கு வேறு.

வேலைத்திறனில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒலி கேட்டதும் நாய் ஓடிவந்து மூக்காலோ காலாலோ தொட வேண்டும். "எங்கே?" என்று கையசைத்தால் ஒலி வரும் இடத்துக்கு அழைத்துப் போக வேண்டும். புகை அலாரத்துக்கு மட்டும் தொட்டுவிட்டு அங்கேயே படுத்துக்கொள்ளப் பழக்குவது நல்லது. ஆளை நெருப்பை நோக்கி இழுத்துப் போய்விடக் கூடாது அல்லவா? குரைத்துச் சொல்லும் நாயால் நமக்குப் பயனில்லை. தீனிச் செலவில் பூடில் மலிவு. முடி வெட்டும் செலவு அதைச் சரிக்கட்டிவிடும்: நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை வெட்டியே ஆக வேண்டும். லாப்ரடாருக்கு அந்தச் செலவு இல்லை, ஆனால் ஓட்டல் அறை முழுக்க முடி.

உண்மையில் முடிவைத் தீர்மானிப்பது விமானத்தில் நம் காலடியில் இருக்கும் இடம்தான். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் இப்போதைய விதி 2021 ஜனவரி 11 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி இனத்தைக் காட்டி நாயை மறுக்க முடியாது, கட்டணமும் வாங்க முடியாது. ஆனால் நாய் நம் காலடி இடத்துக்குள் அடங்க வேண்டும் என்று விமான நிறுவனம் கேட்கலாம். எகானமியில் ஒரு இருக்கைக்கும் அடுத்ததற்கும் இடையே 30, 31 அங்குலம்தான். அதில் இருக்கையின் தடிமனும் அடக்கம். முன் இருக்கைக்கு அடியில் கம்பிகள் வேறு. சில விமானங்களில் திரைக்கான மின்பெட்டியும் அங்கேதான். லாப்ரடார் சுருண்டு படுத்தாலும் வாலோ முன்னங்காலோ பக்கத்து இருக்கைக்குப் போகும், இல்லையென்றால் நடைபாதைக்கு நீண்டு உணவு வண்டியில் மாட்டும்.

அடங்கவில்லை என்றால் அதே வகுப்பில் இடம் அதிகமுள்ள வேறு இருக்கை, உதாரணமாகப் பக்கத்தில் காலியாக இருக்கும் இருக்கை, கிடைக்குமா என்று விமான நிறுவனம் பார்க்க வேண்டும். விமானம் நிறைந்திருந்தால் மிச்சம் இரண்டே வழி: நாயைச் சரக்கறையில் ஏற்றுவது, அல்லது அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பது. சரக்கறையில் போகும் சேவை நாய் வழியில் எந்தச் சேவையும் செய்யாது. பண்டிகைக் காலத்தில் 30 கிலோ நாயோடு பறப்பது ஒவ்வொரு முறையும் இந்தச் சூதாட்டம்தான். பெரிய நாய் வைத்திருப்பவர்கள் முதல் வரிசை இருக்கையைக் கேட்டு வாங்கிச் சமாளிப்பார்கள். பூடிலுக்கு எந்த வரிசையும் போதும். ஜன்னலோரம் கிடைத்தால் யாரும் மிதிக்க மாட்டார்கள். (கேட் மாறிய அறிவிப்பை எந்த நாயும் சொல்லாது. அதற்குத் திரையையும் செயலியையும்தான் பார்க்க வேண்டும்.)

நீண்ட பயணத்தில் வித்தியாசம் இன்னும் கூடும். 8 மணி நேரமும் அதற்கு மேலும் பறக்கும் விமானத்துக்கு, நாய் அசுத்தம் செய்யாது அல்லது சுகாதாரமாகக் கழிக்கும் என்று விமான நிறுவனம் தனிப் படிவம் கேட்கலாம். 48 மணி நேரம் முன்னதாகவே கேட்கலாம். பூடிலை விமானக் கழிவறைக்குத் தூக்கிப்போய் தரையில் பேட் (சிறுநீரை உறிஞ்சும் விரிப்பு) விரித்தால் வேலை முடிந்தது. லாப்ரடாரும் ஆளும் சேர்ந்து அந்தக் கழிவறையில் திரும்பவே முடியாது. ஆனால் பேட் பழக்கம் தானாக வராது. பல வாரம் முன்பே வீட்டுக் குளியலறைத் தரையில், ஒரே கைச்சைகையோடு பழக்க வேண்டும். விமான நிலையங்களில் நாய்க்கென்று இருக்கும் இடங்களில் செயற்கைப் புல் இருக்கும். நிஜப் புல்லுக்குப் பழகிய நாய் அதை முகர்ந்துவிட்டு வந்துவிடும். ஏற்கெனவே பயன்படுத்திய பேட் ஒன்றைப் பையில் கட்டி எடுத்துப்போய் அங்கே விரித்தால், வாசனையில் புரிந்துகொள்ளும்.

சென்னை போய்த் திரும்புகிறவர்கள் கவனிக்க: ரேபீஸ் அபாயம் அதிகமுள்ள நாடுகளின் அமெரிக்கப் பட்டியலில் இந்தியாவும் இருக்கிறது. திரும்பி நுழைய, அமெரிக்காவில் போட்ட தடுப்பூசிக்கான சான்றுப் படிவத்தைக் கிளம்பும் முன்பே கால்நடை மருத்துவரிடம் நிரப்பி, அமெரிக்க விவசாயத் துறையின் ஒப்புதலும் வாங்கியிருக்க வேண்டும். மைக்ரோசிப் முதலில், ஊசி பிறகு. வரிசை மாறினால் அந்த ஊசி கணக்கில் வராது. சேவை நாய் என்பதற்காக இதில் சலுகை கிடையாது.

லாப்ரடார் ஜெயிக்கும் இடங்களும் உண்டு. முக்கியமானது இரவு. கனத்த போர்வைக்கு மேல் ஆறு கிலோ நாய் கால் வைத்தால் ஆழ்ந்து தூங்குபவருக்கு உறைக்காது. 30 கிலோ நாய் ஏறினால் எழுந்தே தீர வேண்டும். பூடிலை நெஞ்சின் மேல் ஏறி முகத்தைத் தொடப் பழக்கலாம். அப்படியும் ஓட்டலில் ஒளி எச்சரிக்கை உள்ள அறையைக் கேட்டு வாங்குங்கள், தலையணைக்கு அடியில் அதிர்வுக் கடிகாரமும் வையுங்கள். நாய் எந்த அளவாக இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு: வீட்டுப் புகை அலாரம் பெரும்பாலும் 3100 ஹெர்ட்ஸில் கீச்சிடும், புதிய ஓட்டல்களின் படுக்கையறைகளில் 520 ஹெர்ட்ஸ் கனத்த ஒலியாக இருக்கலாம். ஒன்றை மட்டும் பழகிய நாய் மற்றதைக் கேட்டுச் சும்மா படுத்திருக்கும். இரண்டையும் வீட்டிலேயே பழக்கிவிட்டுக் கிளம்புவதே நல்லது. இரவில் நாயைக் கூண்டில் பூட்டினாலோ கட்டிப்போட்டாலோ அது வந்து எழுப்ப முடியாது.

இன்னொன்று சந்தேகப் பார்வை. சின்ன நாய், வெளியே தெரியாத குறைபாடு: கடைக்காரர் செல்லப்பிராணி என்றே நினைப்பார். சட்டப்படி அவர் கேட்கக்கூடியவை இரண்டு கேள்விதான்: இது குறைபாட்டுக்காகத் தேவைப்படும் சேவை நாயா? என்ன வேலைக்குப் பயிற்சி பெற்றது? சான்றிதழோ செய்துகாட்டலோ கேட்கக் கூடாது. அவர் கேட்பதே நமக்குக் கேட்காது என்பதால், இரண்டுக்கும் பதிலை அச்சடித்த அட்டையை நீட்டுவது வேகமான வழி. லாப்ரடாரோடு போனால் இந்தத் தொல்லை குறைவு. கூட்டத்தில் மிதிபடும் பயமும் பூடிலுக்குத்தான் அதிகம். ஆனால் எஸ்கலேட்டரில் அதைத் தூக்கிக்கொள்ளலாம். பெரிய நாயின் பாதம் எஸ்கலேட்டர் படியின் பல்லில் சிக்கும் என்பதால் லிஃப்டைத் தேட வேண்டும்.

கிடைப்பதிலும் லாப்ரடார் சுலபம். கனைன் கம்பானியன்ஸ் போன்ற அமைப்புகள் லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர் இனங்களையே தருகின்றன. பூடில்தான் வேண்டும் என்றால் சின்ன நாய்களைப் பயிற்றும் அமைப்பைத் தேட வேண்டும், இல்லையென்றால் சொந்தமாகப் பழக்க வேண்டும். அமெரிக்கச் சட்டம் அதை அனுமதிக்கிறது, ஆனால் அதற்கு ஒன்றரை, இரண்டு வருடம் ஒதுக்க வேண்டியிருக்கும். பிரிட்டனில் அதிகம் பயன்படும் காக்கர் ஸ்பானியல் நடுவாந்தர அளவு. காலடி இடத்தில் அது அடங்கும் என்றே தோன்றுகிறது, ஆனாலும் அதோடு கண்டம் தாண்டிய அனுபவம் எங்களுக்கு இல்லை.