வரி, வாக்குறுதி, காந்தம்: அமெரிக்காவிடம் சீனாவுக்கு எது எடுபட்டது?

அமெரிக்கா வரியை ஏற்றினால் எதிர்த்தரப்பு என்ன செய்யலாம்? பதிலுக்கு வரி போடலாம். ‘உங்களிடம் இன்னும் நிறைய வாங்கிக்கொள்கிறோம்’ என்று பேரம் பேசலாம். இல்லையென்றால், அவர்களுக்கு வேறெங்கும் கிடைக்காத சரக்கு ஒன்றை நிறுத்தி வைக்கலாம். 2018 முதல் 2025 வரை சீனா இந்த மூன்றையும் செய்து பார்த்துவிட்டது. ஆகவே எது எடுபடும் என்று ஊகிக்க வேண்டியதில்லை, நடந்ததைப் பார்த்தாலே போதும்.

உலக வர்த்தக நிறுவனத்தில் வழக்குப் போடுவது நான்காவது வழி. சீனா அதையும் செய்தது, 2020 செப்டம்பரில் ஜெயித்தும் விட்டது. அமெரிக்கா மேல்முறையீடு செய்தது. ஆனால் அமெரிக்காவே புதிய நியமனங்களைத் தடுத்து வந்ததால், மேல்முறையீட்டு அமர்வு 2019 டிசம்பரிலேயே முடங்கிப் போயிருந்தது. வழக்கு அங்கேயே நிற்கிறது. இந்த வழியைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

பதிலுக்குப் பதில் வரி

2018 ஜூலை 6 அன்று, 3,400 கோடி டாலர் மதிப்புள்ள சீனச் சரக்குகள் மீது அமெரிக்கா 25% கூடுதல் வரி விதித்தது. அன்றே சீனாவும் அதே மதிப்புக்கு அதே 25% போட்டது. அந்தப் பட்டியலில் முக்கியமானது சோயா. சுமார் 70,000 டன் அமெரிக்க சோயாவை ஏற்றிக்கொண்டு பீக் பெகாசஸ் என்ற கப்பல் சீனாவின் டாலியன் துறைமுகத்தை நோக்கி அடித்துப் பிடித்து ஓடியது. சில மணி நேரம் பிந்திவிட்டது. வரியைக் கட்டி இறக்குவதா, வேறு ஆளைப் பார்ப்பதா என்று தெரியாமல் ஒரு மாதம் கடலிலேயே சுற்றி, ஆகஸ்டில்தான் சரக்கை இறக்கியது.

சோயாவைக் குறிவைத்ததற்குக் காரணம் அரசியல். அயோவா, வடக்கு டகோட்டா போன்ற, டிரம்புக்கு வாக்களித்த விவசாய மாநிலங்கள்தான் அதில் அடிபடும். வடக்கு டகோட்டாவில் விளையும் சோயா நீண்ட சரக்கு ரயில்களில் மேற்குக் கரைத் துறைமுகங்களுக்குப் போய், அங்கிருந்து பெரும்பாலும் சீனாவுக்குக் கப்பல் ஏறும். அந்த வாடிக்கையாளர் இல்லையென்றால் கிட்டத்தில் வேறு ஆள் கிடையாது. 2017இல் சுமார் 1,200 கோடி டாலராக இருந்த, சீனாவுக்கான அமெரிக்க சோயா ஏற்றுமதி, 2018இல் ஏறக்குறைய 300 கோடியாகச் சரிந்தது.

அடி சரியான இடத்தில்தான் விழுந்தது. ஆனால் வாஷிங்டன் மருந்து போட்டுவிட்டது: 2018, 2019 இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து விவசாயிகளுக்கு 2,800 கோடி டாலர் நிவாரணம் அறிவித்தது. 2020 தேர்தலிலும் அயோவாவும் வடக்கு டகோட்டாவும் டிரம்ப் பக்கமே நின்றன.

இதைவிடப் பெரிய சிக்கல் கணக்கில் இருந்தது. 2017இல் அமெரிக்கா சீனாவிடம் வாங்கியது சுமார் 50,500 கோடி டாலருக்கு. விற்றது சுமார் 13,000 கோடிக்கு. 2018 செப்டம்பரில் அமெரிக்கா மேலும் 20,000 கோடி டாலர் சரக்கைப் பட்டியலில் சேர்த்தபோது, சீனாவால் 6,000 கோடிக்குத்தான் பதில் சொல்ல முடிந்தது. அதிகம் விற்பவன் வரிச் சண்டையில் இறங்கினால் சீக்கிரமே கையிருப்பு தீர்ந்துவிடும்.

2025 ஏப்ரலில் இது கிட்டத்தட்ட கேலிக்கூத்தானது. அமெரிக்காவின் வரி 145%, சீனாவுடையது 125%. இந்த அளவில் அமெரிக்கச் சரக்கு இங்கே விற்கவே விற்காது, இனி அவர்கள் ஏற்றினாலும் கண்டுகொள்ள மாட்டோம் என்று பெய்ஜிங்கே சொல்லிவிட்டது. அந்த வரி அமெரிக்காவையும் சுட்டது என்பது உண்மை. ஸ்மார்ட்போன், கணினிகளுக்கு ஏப்ரல் 11 அன்றே விலக்கு கொடுக்க வேண்டி வந்தது. அதற்குள் சென்னையிலிருந்து தனி சரக்கு விமானங்களில் ஐபோன்கள் அமெரிக்காவுக்குப் பறந்திருந்தன. ஆனால் அந்தச் சூடு அமெரிக்கா தானே போட்டுக்கொண்டது. சீனாவின் பதில் வரிக்கு அதில் பெரிய பங்கில்லை.

‘வாங்கிக்கொள்கிறோம்’

2020 ஜனவரி 15 அன்று வெள்ளை மாளிகையில் டிரம்பும் சீனத் துணைப் பிரதமர் லியு ஹேயும் முதல் கட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 2017இல் வாங்கியதைவிட இரண்டு ஆண்டுகளில் 20,000 கோடி டாலருக்குக் கூடுதலாக வாங்குவோம் என்பது சீனாவின் வாக்கு. பீட்டர்சன் ஆய்வு நிறுவனத்தின் சாட் பௌன் பிறகு கணக்குப் பார்த்தார். மொத்த இலக்கில் 57% அளவுக்குத்தான் கொள்முதல் நடந்திருந்தது. கூடுதலாக வாங்குவதாகச் சொன்ன 20,000 கோடியில் ஒரு டாலர்கூட வரவில்லை. கொரோனாவும் ஒரு காரணம்தான். ஆனால் இலக்கே நடக்கிற காரியமாக இருக்கவில்லை.

பதிலுக்குச் சீனாவுக்குக் கிடைத்ததும் சொற்பமே. வரவிருந்த ஒரு சுற்று வரி நின்றது, இன்னொன்று 15 சதவீதத்திலிருந்து 7.5 ஆனது. மற்றதெல்லாம் அப்படியே. பைடன் வந்தும் எடுக்கவில்லை. 2024இல் சீன மின்கார்கள் மீதான வரியை 100% ஆக்கினார்.

ஆனாலும், இந்த வழியை எல்லாரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பது என் எண்ணம். பன்றிக்கும் கோழிக்கும் தீவனம் வேண்டும், ஆகவே சீனா யாரிடமாவது சோயா வாங்கித்தான் ஆக வேண்டும். வாக்குத் தவறியதற்கு அது எந்த அபராதமும் கட்டவில்லை. 2025இல் அமெரிக்காவின் புதிய அறுவடையை வாங்காமல் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள், தேவையான சோயா பிரேசிலிலிருந்து வந்தது. பிறகு அக்டோபர் 30 அன்று தென்கொரியாவின் பூசானில் டிரம்பும் ஷி ஜின்பிங்கும் சந்தித்ததை அடுத்து, ஆண்டு இறுதிக்குள் 1.2 கோடி டன், அடுத்த மூன்று ஆண்டுகள் தலா 2.5 கோடி டன் என்று அறிவிப்பு வந்தது. 2024இல் சீனா அமெரிக்காவிடம் வாங்கியதே சுமார் 2.7 கோடி டன். பறித்ததில் கொஞ்சம் குறைத்துத் திருப்பிக் கொடுத்து, அதற்கு நன்றியும் வாங்கிக்கொண்டார்கள்.

காந்தம்

2025 ஏப்ரல் 4 அன்று, டிஸ்புரோசியம், டெர்பியம், சமாரியம் உட்பட ஏழு அரிய மண் தனிமங்களையும் அவற்றால் செய்த காந்தங்களையும் ஏற்றுமதி செய்ய உரிமம் கட்டாயம் என்றது சீனா. தடை என்று எங்கும் எழுதவில்லை. விண்ணப்பம் போடு, எதற்கு, யாருக்கு என்று சொல், 45 வேலை நாள் வரை காத்திரு, அவ்வளவுதான்.

நியோடிமியம் காந்தம் சூடேறினால் வலுவிழக்கும். சிறிதளவு டிஸ்புரோசியமோ டெர்பியமோ சேர்த்தால் அந்தச் சூட்டைத் தாங்கும். காரின் பவர் ஸ்டீயரிங், வைப்பர், சீட் மோட்டார், மின்காரென்றால் சக்கரத்தைச் சுழற்றும் மோட்டார் என்று பல இடங்களில் இந்தக் காந்தங்கள் இருக்கின்றன. ஒரு சின்னக் காந்தம் வரவில்லையென்றால் முழுக் கார் வெளியே போகாது. மே மாதத்தில் ஃபோர்டின் சிகாகோ ஆலை ஒரு வாரம் நின்றது. உலகின் அரிய மண் காந்தங்களில் ஏறக்குறைய 90% சீனாவில் செய்யப்படுபவை. பணமாகப் பார்த்தால் இந்த ஏற்றுமதி சீனாவுக்கு ஒரு பொருட்டே இல்லை, ஆனால் வாங்குபவனின் குடுமி இதில்தான் இருக்கிறது.

பலன் உடனே தெரிந்தது. மே 12 அன்று ஜெனீவாவில் அமெரிக்காவின் 145% என்பது 30 ஆனது, சீனாவின் 125% பத்தானது. உரிமங்கள் தாமதமாகின்றன என்று மறுபடி சண்டை. ஜூனில் லண்டன் பேச்சுவார்த்தைக்குப் பின், சிப் வடிவமைப்பு மென்பொருளுக்கும் ஈத்தேனுக்கும் போட்டிருந்த ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளை அமெரிக்கா தளர்த்தியது. ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளைப் பேரத்துக்கு வைப்பதில்லை என்று பொதுவாகச் சொல்லிவந்த நாடு அது. அக்டோபர் 9 அன்று சீனா இன்னும் ஒரு படி போய், சீனத் தனிமம் 0.1% கலந்த வெளிநாட்டுச் சரக்குக்கும் உரிமம் வேண்டும் என்றது. டிரம்ப் மேலும் 100% வரி என்று மிரட்டினார். பூசானில் இரு தரப்பும் ஓராண்டுக்கு இறங்கி வந்தன. ஃபென்டனில் என்ற போதைப்பொருளின் பெயரில் அமெரிக்கா போட்ட 20% வரி பாதியானது. ஏப்ரல் உரிம முறை மட்டும் நீங்கவில்லை.

ஆக 2025 சுற்றில் காந்தம்தான் ஜெயித்தது. ஆனால் இதில் நட்பு, பகை பார்க்கவில்லை. உரிமம் எல்லா நாட்டுக்கும் பொது. ஐரோப்பிய, ஜப்பானிய ஆலைகளும் தடுமாறின, இந்தியாவின் மின் ஸ்கூட்டர் தயாரிப்பும் அடிவாங்கியது. அப்புறம், இந்த ஆயுதத்தை எடுத்த நாளிலிருந்தே அது தேய ஆரம்பித்துவிடும். 2010இல் சீனாவிலிருந்து ஜப்பானுக்கு அரிய மண் வரத்து நின்றபோது, அந்நாடு ஆஸ்திரேலியாவின் லைனாஸ் என்ற அரிய மண் சுரங்க நிறுவனத்துக்குப் பணம் கொடுத்து வேறு வழி தேடிக்கொண்டது. 2025 ஜூலையில் பென்டகன் எம்பி மெட்டீரியல்ஸ் என்ற அமெரிக்க அரிய மண் நிறுவனத்தில் 40 கோடி டாலர் போட்டு, கிலோவுக்கு 110 டாலர் குறைந்தபட்ச விலைக்கும் உத்தரவாதம் கொடுத்தது. என்றாலும் டிஸ்புரோசியம், டெர்பியம் போன்ற கனமான தனிமங்களைப் பிரித்தெடுக்கும் ஆலைகள் தேவையான அளவுக்கு எழும்ப ஆண்டுகள் பிடிக்கும். பூசான் சமரசத்தின் தவணையோ ஓராண்டுதான்.

மற்றவர்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாமா என்றால், அவர்களிடம் இப்படி ஒரு பிடி இருக்க வேண்டுமே. ஐரோப்பிய ஒன்றியம் 9,300 கோடி யூரோவுக்குப் பதில் வரிப் பட்டியல் தயாரித்து வைத்திருந்தது. 2025 ஜூலையில் 15% வரிக்குச் சம்மதித்துவிட்டு, பட்டியலை ஆறு மாதம் தள்ளி வைத்தது. ஆகஸ்டில் 50% வரி விழுந்தபோது இந்தியா பதில் வரியே போடவில்லை, பேச்சுவார்த்தை மேசையை விட்டு எழவும் இல்லை.