பிரிந்தவர்களைச் சேர்ப்பதா, புதிய கூட்டாளியைத் தேடுவதா?

தோற்று, உடைந்து நிற்கும் ஒரு கட்சி மறுபடி எழ இரண்டு வழிகள் உண்டு. பிரிந்தவர்களைத் திரும்பச் சேர்க்கலாம். அல்லது போனவர்கள் போகட்டும் என்று விட்டுவிட்டு வெளியே கூட்டணி கட்டலாம். தமிழ்நாட்டில் இரண்டுமே பலித்திருக்கின்றன.

முதல் வழி அதிமுகவுடையது. 1987 டிசம்பர் 24 அன்று எம்ஜிஆர் மறைந்ததும் கட்சி ஜானகி அணி, ஜெயலலிதா அணி என்று உடைந்தது. இரட்டை இலை முடக்கப்பட்டது. 1989 ஜனவரித் தேர்தலில் ஓர் அணி இரட்டைப் புறாவிலும் மற்றது சேவலிலும் நின்றன. 33 சதவீத வாக்குகளோடு திமுக ஆட்சியைப் பிடித்தது. ஜெயலலிதா அணி 21 சதவீதத்துக்கு மேல் வாங்கியது, ஜானகி அணி 9 சதவீதம் அளவில். கூட்டிப் பார்த்தால் திமுகவை நெருங்கிவிடும் கணக்கு. ஆனால் கிடைத்த இடங்கள் 27-ம் 2-ம்தான்.

ஆண்டிபட்டியில் தோற்ற ஜானகி அரசியலை விட்டே ஒதுங்கினார். இணைப்புக்கு வழிவிட்டது அந்த முடிவுதான். அதற்கு உரிய பாராட்டை நாம் அவருக்குத் தந்ததே இல்லை. சின்னம் திரும்பக் கிடைத்தது. இடைத்தேர்தலில் மருங்காபுரி, மதுரை கிழக்குத் தொகுதிகள் கைக்கு வந்தன. அந்த நவம்பரிலேயே மக்களவைத் தேர்தலில் காங்கிரஸோடு சேர்ந்து 39-ல் 38 இடங்கள். 1991 வெற்றியில் ராஜீவ் காந்தி படுகொலையின் அனுதாபமும் கலந்திருந்தது, அதனால் அதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

இரண்டாவது வழி திமுகவுடையது. 1991-ல் இரண்டே இடங்கள். 1993-ல் வைகோ நீக்கப்பட்டார், அடுத்த ஆண்டு மதிமுக பிறந்தது. திமுக சமரசம் பேசப் போகவில்லை. 1996-ல் காங்கிரஸ் மேலிடம் அதிமுகவோடு கைகோத்ததை ஏற்காமல் மூப்பனார் தமிழ் மாநில காங்கிரஸைத் தொடங்க, திமுக அவரோடு சேர்ந்தது. ரஜினியின் குரலும் துணைக்கு வந்தது. திமுக 173, தமாகா 39, அதிமுக வெறும் 4. மதிமுகவுக்கு ஓர் இடம்கூட இல்லை.

வேகம் என்று பார்த்தால் இந்த வழிக்கு ஈடில்லை. ஆனால் ஆட்சி மீதிருந்த கோபமும் இன்னொரு கட்சியின் உடைசலும் சேர்ந்து கொடுத்த வெற்றி அது. இரண்டே ஆண்டுகளில், 1998-ல், அதே மதிமுக அதிமுக அணியில் நின்றது. பாமக, பாஜகவும் சேர்ந்திருந்த அந்த அணி 30 இடங்களை அள்ளியது. விட்டுவிட்டவர்கள் எதிராளிக்குப் பலமானார்கள்.

சரி, இன்றைய அதிமுகவுக்கு எது பொருந்தும்? 2024 மக்களவைத் தேர்தலில் அதற்கு ஓர் இடம்கூட இல்லை. அதிமுகவிலிருந்து விலக்கப்பட்ட இருவர், தேனியில் டிடிவி தினகரனும் ராமநாதபுரத்தில் ஓ.பன்னீர்செல்வமும், அதிமுக வேட்பாளரை மூன்றாமிடத்துக்குத் தள்ளினார்கள். வெளியே எத்தனை கட்சிகளைச் சேர்த்தாலும் தென்மாவட்டத்து இந்தப் பிளவு ஆறாது என்பதே என் எண்ணம். இணைப்புதான் சரியான வழி. ஆனால் ஜானகியைப் போல ஒதுங்கிக்கொள்ளும் ஒருவர் இன்று எந்த அணியிலும் இல்லை. ஒவ்வொரு சமரசப் பேச்சும் முறிவது இந்த இடத்தில்தான்.