ஃபெங்குவாங்கா, ஜிங்வெய்யா? லோகோவுக்கு எந்தப் பறவை?

சிங்கப்பூரில் சீனக் குடும்பம் ஒன்று நடத்தும் டியூஷன் நிலையத்துக்குப் போன மாதம்தான் லோகோ வரைந்து கொடுத்தேன். சீனப் புராணப் பறவையாக இருக்க வேண்டும் என்றார்கள், எது என்பதை என்னிடமே விட்டுவிட்டார்கள். 90,000 லீ (பழைய சீனத் தூர அளவு) உயரம் எழும்பும் பெங் என்ற ராட்சதப் பறவை முதலிலேயே கழிந்தது, அதன் பெருமை முழுக்க அளவில்தான் இருக்கிறது, சின்ன வட்டத்துக்குள் அடைத்தால் சாதாரணக் கழுகாகத்தான் தெரியும். மிஞ்சியவை ஃபெங்குவாங்கும் ஜிங்வெய்யும்.

ஃபெங்குவாங் அழகு, மங்கலம், கல்யாணத்தில் டிராகனுக்கு ஜோடி. ஏர் சைனா விமானத்தின் வாலில் சிவப்பாக இருப்பதும் அதுதான். சாம்பலிலிருந்து எழும் ஃபீனிக்ஸோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், இதன் பழங்கதையில் அந்தத் தீயே கிடையாது.

எனக்கு முடிவைச் சொன்னது ரப்பர் ஸ்டாம்ப். பிள்ளைகளின் நோட்டில் தினமும் குத்தப்போகும் 2 செ.மீ. ஸ்டாம்ப். ஃபெங்குவாங்கை வரைந்து, ஸ்டாம்ப் செய்து குத்திப் பார்த்தேன், மை பரவி ஐந்து வால் இறகும் ஒரே கட்டியாகிவிட்டது. இறகைக் குறைத்தால் சேவல், வாலில் கண் வைத்தால் மயில். யோசித்தால் இதில் ஆச்சரியமில்லை: 'மலை கடல் நூல்' என்ற பழைய சீன நூலே அதைக் கோழி வடிவம், ஐந்து நிறம் என்றுதான் சொல்கிறது. அப்படியென்றால் கோழியிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவது நிறமும் இறகும்தான், சின்ன அளவில், ஒற்றை மையில், முதலில் காணாமல் போவதும் அவை இரண்டும்தான்.

ஜிங்வெய்யை அடையாளம் காட்டுவது அது செய்யும் வேலை. சீனப் புராண அரசரான யான் பேரரசரின் மகள் கிழக்குக் கடலில் மூழ்கி இறந்து, பறவையாகி, மேற்கு மலையிலிருந்து குச்சியும் கல்லும் சுமந்து வந்து அந்தக் கடலையே தூர்க்கிறாள். காக்கை போன்ற உடல், புள்ளியோ கோடோ போட்ட தலை, வெள்ளை அலகு, சிவப்புக் கால். உடலை முழுக் கறுப்பாக வைத்து, கறுப்பில் ஒரு சின்னக் கல் வைத்தேன், தலைக்கும் கல்லுக்கும் நடுவே விட்ட வெள்ளை இடமே அலகாகிவிட்டது! தலைக் கோலத்தை எடுத்த பிறகும் பறவை அப்படியே நின்றது. டி-சர்ட் எம்பிராய்டரிக்குக் கறுப்பு நூல், காலுக்கு மட்டும் சிவப்பு, அவ்வளவுதான்.

ஒரு தயக்கம் உண்டு. படிக்கிற பிள்ளைகளுக்கு மூழ்கிய பெண்ணின் கதை எதற்கு என்று அந்த வீட்டுப் பாட்டி கேட்டார், நியாயமான கேள்வி. 'ஜிங்வெய் கடலைத் தூர்த்த மாதிரி' என்பது விடாமுயற்சிக்குச் சீனர்கள் சொல்லும் வழக்கு என்று பாட்டியின் மகள் சமாதானம் சொன்னார். கல்யாண மண்டபத்துக்கோ நகைக்கடைக்கோ என்றால் நானே ஃபெங்குவாங்கைத்தான் சொல்வேன். பெயர்ப்பலகை இன்னும் மாட்டவில்லை, தெருவிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று இப்போதைக்கு என்னால் சொல்ல முடியாது.

நீங்களும் ஜிங்வெய் வரைவதென்றால் அந்த அலகு இடைவெளியைக் கவனியுங்கள். முதலில் அரை மில்லிமீட்டர்தான் விட்டேன், மை அடைத்துக் கல் தலையோடு ஒட்டிக்கொண்டது. 1 மில்லிமீட்டர் ஆக்கிய பிறகுதான் பறவை கல்லைக் கவ்வியது.